கல்கண்டுத் தட்டு

"என் நிச்சயதார்த்தத்தன்னைக்கு…" என்று ஆரம்பித்த என் மருமகள் சரண்யாதேவி, அரங்கின் வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் அவளுடைய அப்பா சிவனாண்டி. சலவை வேட்டி கட்டி, வேம்பாரிலிருந்து பஸ் பிடித்து, மகள் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறார். அவர் வருவது அவளுக்குத் தெரியாது. திடீரென்று பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று என் மகன் செய்த வேலை.

அவர் குனிந்தபடியே நடந்துவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேடையில் இன்னும் மௌனம்.

சிறுதொழில் செய்யும் பெண்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதில் ஒருவருக்கு மட்டும் சென்னைக் கண்காட்சியில் கடை போட இடம் கிடைக்கும். போன வருஷம் தன் மளிகைப் பாக்கெட் தொழிலைப் பற்றி அவள் சதவிகிதங்களாக அடுக்கினாள். எதிரே இருந்தவர்கள் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இந்த வருஷம் ஒரு பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தாள். முதலில் கதை சொல்லுங்கள், அதுவும் உங்கள் வீட்டில் நடந்த கதையாக இருக்கட்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம்.

வீட்டில் நடந்ததை மேடையேற்றுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. துறைமுகத்துப் பக்கம் மூன்று தலைமுறையாகக் கயிற்றுக்கடை வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டுப் பேச்சு எதிர்க்கடைக்குக்கூடப் போனதில்லை.

ஆனாலும் எட்டு நாளாக அவள் அடுக்களையில் சொல்லிப் பார்த்ததை, சுவருக்கு இந்தப் பக்கம் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஆறு வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிற கதை. அதில் எங்கள் குடும்பப் பெயருக்குக் குறைவு எதுவும் இல்லை. சும்மா இருந்துவிட்டேன்.

மேடையில் அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேசு தாயி, என்று மனசுக்குள் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"என் நிச்சயதார்த்தத்தன்னைக்கு எங்க மாமா, அதான் என் மாமனார், ஒரு தட்டு நெறையக் கல்கண்டு வச்சு எல்லாருக்கும் நீட்டுனாங்க. அம்புட்டும் படிகாரம்!"

அரங்கு வெடித்துச் சிரித்தது.

"ரெண்டும் ஒரே மாதிரிப் பாக்கெட்டு. மேல எழுதியிருக்கதைப் படிச்சிருக்கலாம்லா? மாட்டாங்க. கண்ணாடி போட்டா வயசாயிட்டுன்னு ஆயிருமாம்!"

நான் மூக்கிலிருந்த கண்ணாடியை மெதுவாகக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அதற்கப்புறம் மேடை எனக்கு வெறும் வெளிச்சம்தான். குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. கடையில் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றாள். அதனால்தான் தன் பாக்கெட்டுகளில் எழுத்தைவிடப் படம் பெரிதாக இருக்கிறது என்றாள். அரங்கில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

அவள் முடித்ததும், நடுவராக வந்திருந்த அம்மா மைக்கை வாங்கினார்.

"கதை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஆனா நடந்ததைத்தான் சொல்லணும்னு விதி. இது நிஜமாவே நடந்ததா?"



நான் எழுந்து நிமிர்ந்து நின்றேன். இந்த ஊரில் நாற்பத்திரண்டு வருஷமாக என் வார்த்தைக்கு யாரும் சாட்சி கேட்டதில்லை.

"நடந்ததுதான். அந்த மாமனார் நான்தான். இன்னைக்கும் கண்ணாடி போடுறதில்ல."

கைதட்டல். பின்வரிசையிலிருந்து எதிர்க்கடை இசக்கிராஜா குரல் கொடுத்தான்.

"அப்ப கடையில மாட்டிக்கிட்டு இருக்கது ஆரு கண்ணாடி, அண்ணாச்சி?"

சத்தம் வந்த திசையை உத்தேசமாகப் பார்த்து முறைத்தேன். சிரிப்பு இரண்டு மடங்கானது.

சென்னைக்கு அவள் பெயரைத்தான் வாசித்தார்கள். தொடக்கத்தில் அவள் விட்ட அந்த நீண்ட மௌனத்தை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நடுவர் தனியாகப் பாராட்டினார்.

சிவனாண்டி சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன அண்ணாச்சி, பந்தி வேலையில நான் ஒண்ணும் வாயில போடலியா, இம்புட்டு நாளா எனக்கே தெரியாதே! அன்னைக்கு எங்க ஆளுக ஒருத்தராவது வாயைத் தொறந்தாவளா? அம்புட்டுப் பேரும் கமுக்கமா முழுங்கியிருக்காவ பாருங்க. மரியாதை தெரிஞ்ச ஆளுக!"

"ஆமா" என்றேன்.

"ஆனா நான் வச்ச தட்டு உங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, என்ன? ஒரு கட்டி வாயில போட்டதும், வீட்டுப் பிள்ளைகளுக்குன்னு சொல்லி, மிச்சத்தைத் தட்டோட துண்டுல கவுத்து முடிஞ்சுக்கிட்டியளே!"

முடிந்துகொண்டதை, நிச்சயம் முடிந்து வேம்பாரிலிருந்து திரும்பும் வழியில், வைப்பாற்றுப் பாலத்தில் காரை நிறுத்தி ஆற்றில் கொட்டினேன். எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் அன்று ஆளுக்கொரு கட்டியை மென்று விழுங்கினார்கள். முகம் சுளித்த என் தம்பியை ஒரு பார்வை பார்த்தேன்.

அடுக்களையில் எட்டு நாளும் அவள் சொல்லிப் பார்த்த கதையில், தட்டை நீட்டியவர் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அப்பா.

சிவனாண்டி என் பதிலுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கல்கண்டு, சம்பந்தி" என்றேன்.