பன்னிரண்டு சாட்சிகள்

"சர்டிபிகேட் வெச்சிக்கினு இருக்கியாமே. எடு, பாக்கலாம்."

பச்சையம்மா உட்காரக்கூட இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள். கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் ஷைனியின் பியூட்டி பார்லர் பத்துக்குப் பத்து அறை. பாதிப் பேர் வாசலில்தான் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஓடிவந்து கடையைத் திறந்த ஷைனி, கூட்டத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் பூரித்துப்போனாள். கடை திறந்து மூன்று மாதம். புருவம் எடுக்க வருகிற ஒன்றிரண்டு பேரைத் தவிர ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் புரிந்தது. இவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எல்லோரும் கும்மிடிப்பூண்டியில் அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். பச்சையம்மா அங்கே லைன் சூப்பர்வைசர். வேலையை விடுகிறேன் என்று ஷைனி எழுதிக் கொடுத்த அன்று, "மூணு மாசத்துல திரும்பி வருவே, பாரு" என்று சொன்னவள்.

அவள் வாக்கு பலித்துவிடும் போலத்தான் இருந்தது. இந்த மாதமும் ஒரு கல்யாண ஆர்டர்கூட வரவில்லை என்றால் கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

ஷைனி சுவரில் மாட்டியிருந்த பியூட்டிஷியன் கோர்ஸ் சர்டிபிகேட்டைக் கழற்றிக் கொடுத்தாள். பச்சையம்மா அதை அப்படியே கூட்டத்திடம் நீட்டினாள்.

"பாத்துக்கோங்கடி."

"ஜெராக்ஸ் கடையில சொன்னா இதவிட சூப்பரா போட்டுத் தருவான்" என்றாள் ரோஜா. தை மாதம் கல்யாணம் ஆகப்போகிறவள். "நேத்து வரிக்கும் ஸ்க்ரூ முடுக்கிக்கினு இருந்தா. இவகிட்ட மூஞ்சியக் குடுக்க முடியுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதான் நானும் கேக்கறேன்" என்றாள் பச்சையம்மா. "பேப்பர் கெடக்கட்டும். ஏய் ஷைனி, முடி எடுக்க வாக்ஸ் போடறப்ப எத்தினி குச்சி எடுப்பே?"

"ஒவ்வொரு தடவையும் புதுக் குச்சிக்கா. தோல்ல பட்டத திரும்ப டப்பாவுல வுட மாட்டேன்."

"ஏன், குச்சி சும்மாவா வருது?"

"ஒருத்தரோட கிருமி இன்னொருத்தருக்குப் போவக் கூடாதில்லக்கா."

"சுகர் இருக்கற அம்மா கால் சுத்தம் பண்ண வந்தா?"

"கால்ல புண்ணு இருக்குதான்னு மொதல்ல பாப்பேன். இருந்தா டாக்டராண்ட அனுப்பிடுவேன். இல்லன்னாலும் பிளேடு தொட மாட்டேன்."

முதலில் நடுங்கிய குரல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி, எனக்கு இப்பவே ப்ளீச் போடு."

"முடியாதுக்கா."

"இன்னா முடியாது? கஸ்டமர் கேக்கறேன்."

"இன்னிக்கு காதுக்குப் பின்னால துளி தடவி வுடுவேன். நாளைக்கு வரிக்கும் அரிப்பு, செவப்பு எதுவும் இல்லன்னாதான் முகத்துல போடுவேன். இது எல்லாருக்கும் ஒத்துக்காது."

"காத்துக்கினு இருக்க எனக்கு நேரமில்ல. வேற எடத்துல கேட்ட ஒடனே போடறாங்க."

"அப்ப அங்கயே போங்கக்கா. நான் போட மாட்டேன்."

சொல்லிவிட்டாள். தன் கையாலேயே கடைக்குப் பூட்டு போட்டுக்கொண்டோம் என்று நினைத்தாள்.

பச்சையம்மா முடியை ஒதுக்கிக் காதைத் திருப்பினாள்.

"தடவு. நாளைக்கு வரேன்."

அவள் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. ரோஜாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்க அக்கா பார்லர்ல தலைக்கு டை போட்டு, மூஞ்சி வீங்கி மூணு நாள் லீவு. ஒருத்தியும் இந்த மாதிரி தடவிப் பாக்கல." கொஞ்சம் தயங்கினாள். "என் கல்யாணத்துக்கு நீயே மேக்கப் பண்றியா?"

சாயந்திரத்துக்குள் நாலு கல்யாண ஆர்டர் பேசி முடிந்தது. ஷைனி கதவைச் சாத்திவிட்டு, கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து பச்சையம்மா தனியாக வந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு சிவப்பும் இல்லை. ஷைனி ப்ளீச் போட்டு, நேரம் பார்த்து, ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டாள். நேற்றைய முள் மட்டும் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

"எல்லார் எதிர்லயும் அப்பிடி நிக்க வெச்சீங்களேக்கா. எனக்கு பதில் தெரியாம போயிருந்தா?"

"எப்பிடிடி தெரியாம போவும்? ஆறு மாசம் பஸ்ல என் பக்கத்துல உக்காந்துகினு அதத்தானே மனப்பாடம் பண்ணே. பாதி பாடம் எனக்கே வரும்."

இந்த அக்காவைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று ஷைனிக்குக் கண் நிறைந்தது.

"அப்ப எனக்காகத்தான் வந்தீங்களா? ரொம்ப நன்றிக்கா. ஆனா, நல்லா பண்றா, போங்கன்னு அவங்களாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே."

"சொன்னேனே. ரெண்டு மாசமா சொன்னேன், ஒருத்தி அசையல." பச்சையம்மா கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சனிக்கெழம, 'ஷைனி டுபாக்கூரு, நாளைக்கு கையும் களவுமா புடிக்கப் போறேன்'னு சொன்னேன். பன்னண்டு பேரும் எனக்கு முன்னாடியே வந்து நின்னாளுங்க."