ஏலியாஸுக்குப் பத்துப் பேர்

குன்னூர் யூத முதியோர் இல்லத்தின் பிரார்த்தனை அறையில் அன்று மாலை பத்துப் பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் மேயர், அவர் பக்கத்தில் சாலமும் அவர் மனைவியும், சுவரோரமாக ஆறு பேர், கதவருகே சிப்போரா. இறந்துபோன கணவர் ஏலியாஸுக்கு அவள் ஆண்டு நினைவுப் பிரார்த்தனை சொல்ல வேண்டும். பத்துப் பேர் கூடினால்தான் அதைச் சொல்லலாம். அதனால் ஒருவர் துக்கத்துக்கு மற்றவர்கள் வந்து உட்காருவதே அங்கே பெரிய தொண்டு.

இருப்புக்கொள்ளாமல் எழுந்து, பேரீச்சம்பழத் தட்டை நீட்டினாள் சிப்போரா. ஒரு கையும் நீளவில்லை.

"மேயர், நிஜமாவே நீங்கதானா?"

"நான் அவர் பிம்பம்மா, வெறும் ஒளி உருவம். அவருக்கு மூட்டுவலி. மத்த ஒன்பது பேர் இருப்பீங்களேன்னு என்னை அனுப்பிட்டார்."

"எங்களையும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றன மற்ற எட்டும்.

"ஏலியாஸ் இருந்தா உங்களையெல்லாம் ஒட்டடைக் குச்சியால விரட்டியிருப்பார்!" என்று கத்தியவள் சட்டென்று நிறுத்தினாள். போன வாரம் மேயரின் மறைந்த மனைவி ரூத்துக்கான பிரார்த்தனைக்கு அவளும் தன் பிம்பத்தைத்தான் அனுப்பியிருந்தாள்.

"அன்னிக்கு எத்தனை பேர் நேர்ல வந்தாங்க?"

மேயரின் பிம்பம் தலைகுனிந்தது. "யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

தொலைபேசியில் அழைத்தாலும் பிம்பமே பதில் சொல்லும் என்பதால் கடிதம் எழுதக் காகிதம் எடுத்தாள்.

"அன்புள்ள மேயர், போன வாரம் உங்களைத் தனியாக உட்காரவிட்டேன். மன்னியுங்கள். நாளை மாலை நானே உங்கள் அறைக்கு வருகிறேன். மற்ற எட்டுக் கதவுகளையும் இருவருமாகத் தட்டுவோம். முதலில் ரூத்துக்கு, பிறகு ஏலியாஸுக்கு."

உறையை ஒட்டி, மேயரின் அறைக்குப் போகும் சாப்பாட்டுத் தள்ளுவண்டியில் கொடுத்தனுப்பினாள்.