தலைவர் கையெழுத்து

கொல்லிமலையிலேயே அமெரிக்க அரசியல் படிக்கிற ஒரே ஆள் தான்தான் என்று தனபாலுக்கு மிதப்பு. அஞ்சல் வழி எம்.ஏ. பாடத்தை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"அதிபரே ஆனாலும் அங்க இஷ்டத்துக்கு ஆட முடியாது. சபை கேள்வி கேக்கும், கோர்ட்டு கேள்வி கேக்கும். அதுதான் ஜனநாயகம்! உனக்கெங்க புரியப் போகுது?"

செல்வராணி மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஊராட்சிச் செயலர் தீர்மான நோட்டோடு வந்தார். "ரோடு விஷயமுங்க. தலைவர் கையெழுத்து வேணும்."

"எந்த ரோடுங்க?" என்றாள் செல்வராணி. "மேல்காட்டு சனம் இன்னும் நோயாளியத் தூளி கட்டித்தான் தூக்கிட்டு வாராங்க. அவங்களுக்குத்தானுங்களே?"

"நம்ம மிளகுத் தோட்டத்துக்கு" என்றான் தனபால். "நீ கிழங்கப் பாரு."

"மேல்காட்டுக்கு ரோடு போடறோம்னு சொல்லித்தானுங்க ஓட்டு கேட்டோம்."

"ஆட்சி நடத்துறது எப்படின்னு படிக்கிறவனுக்கே சொல்லித் தர்றியா?"

பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினான்: 'த. செல்வராணி, ஊராட்சி மன்றத் தலைவர்.'

செயலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா கையெழுத்து மாசத்துக்கு மாசம் அழகாகிட்டே வருதுங்க!"