மறைவுத் தேதி

காலையில் ஐந்து முறை தும்மினாளே, மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்திருப்பாளா? கணவருக்குத் தெரியாமல் மகளோடு போனில் பேசியபோது ஒவ்வொரு தும்மலுக்கும் “நூறு, நூறு” என்று ஆயுசு வாழ்த்திச் சொன்னது ருக்மாவதியின் நாக்கில் இன்னும் இருந்தது. எதிரே பல்கலைக்கழகப் பதிவாளர் கல்வெட்டின் மாதிரித் தாளை விரித்தார். ‘அமரர் இளவேனில் வணிகவியல், தரவுப் பகுப்பாய்வு வளாகம்.’ கட்டடச் செலவு முழுவதும் கணவர் செங்கோடனுடையது. அவர் பிடிவாதமாகச் சேர்த்துவிட்ட அதே படிப்பைப் பாதியில் விட்டு, பிடித்தவனோடு போனவள்தான் அந்த மகள் இளவேனில்.

“தோற்றம் போட்டாச்சுங்க மேடம். மறைவுத் தேதியை மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா கல்லு வெட்டச் சொல்லிரலாம். பாவம், சின்ன வயசு,” என்றார் பதிவாளர்.

செங்கோடன் பேனாவை அவள் விரல்களுக்குள் திணித்து, காதருகே குனிந்தார். “அவ வீட்டை விட்டுப் போன தேதியைப் போடு. எனக்கு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. நீயும் எழுதிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். எழுது புள்ள.”

பேனா முனை காலியிடத்தின்மேல் அலைந்தது. ஒரு புள்ளி விழுந்தது. மடியிலிருந்த கைப்பைக்குள் போன் அதிர்ந்து அடங்கியது, மறுபடியும் அதிர்ந்தது.

“அவளுக்குச் சளி பிடிச்சிருக்குதுங்க,” என்று பதிவாளரிடம் சொல்லிவிட்டு, ருக்மாவதி பேனாவை மூடினாள்.