பூ நிற்க ஒரு மூடி

"ஐயையோ சித்தப்பா! மருந்துல தண்ணியா கலக்குறீங்க?"

பசுந்தாங் பேட்டையில் சித்தப்பா வள்ளியப்பனின் உரக்கடைக்கு வேலைக்கு வந்த புதிதிலேயே புஷ்பலதா அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

வள்ளியப்பன் அசரவில்லை. வெயிலில் பூ கொட்டாமலிருக்கச் செடிக்கு அடிக்கும் ஹார்மோன் மருந்து அது. பாதியை வேறு பாட்டிலில் ஊற்றி, இரண்டையும் தண்ணீரால் நிரப்பினார்.

"பாதி விலைக்குத்தானே விக்கிறேன்?"

"அதுக்காக? குடியானவங்க வயித்துல அடிக்கலாமா?"

"கடையைத் திற, போ."

நெற்றி நிறைய விபூதி, கையில் தண்ணீர்ச் செம்பு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லினிலிருந்து பஸ் ஏறி வந்தாள் அம்சவேணி. குத்தகை நிலத்தில் மிளகாய் போட்டிருப்பவள்.

"போன வருஷம் இங்க வாங்குன அதே மருந்து குடு தங்கச்சி. திஞ்சான் தண்ணித் திருவிழா முடிஞ்சும் வெயில் தணியலை. பூ நிக்கலேன்னா குத்தகை போயிடும்."

சித்தப்பா அசந்த நேரம். சீல் உடைக்காத பாட்டிலை அதே பாதி விலைக்குக் கொடுத்தாள் புஷ்பலதா.

"மருந்தடிக்கிற டேங்குக்கு ஒரு மூடி, அக்கா."

சித்தப்பாவின் பாவத்தில் கொஞ்சம் கழுவிவிட்ட நிம்மதி.

அடுத்த வாரம் அம்சவேணி ஓடி வந்தாள். கையில் சுருண்டுபோன மிளகாய்க் கிளை.

"அண்ணே, முதல் பாத்திக்கு அடிச்சேன். இருந்த பூவும் கொட்டிப்போச்சு. மிச்சத்தையாவது காப்பாத்துங்க!"

புஷ்பலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எத்தனை மூடி ஊத்துனே?" என்றார் வள்ளியப்பன்.

"எப்பவும்போல ரெண்டு."

"ஒண்ணுதானே சொல்லுவேன்?"

"யாவாரி சொல்ற அளவை யாருண்ணே நம்புவா? எங்க பக்கம் எல்லாருமே ஒண்ணுக்கு ரெண்டாத்தான் ஊத்துவோம். கூட ஊத்துனா கூடக் காய்க்கும்ல!"

"இது உரமில்லம்மா. அளவு மீறினா நிக்கிற பூவையும் கொட்ட வச்சிரும்."

வள்ளியப்பன் புஷ்பலதாவைப் பார்த்தார். அவள் தலை தானாகக் குனிந்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து, காசு வாங்காமல் அம்சவேணி கையில் வைத்தார்.

"மிச்சப் பாத்திக்கு இதை அடி. எப்பவும்போல ரெண்டு மூடியே ஊத்து."

"அப்போ அந்த பாட்டில்?"

"தப்பு என் மேலதாம்மா. அதுல தண்ணி கலக்க மறந்துட்டேன்."