செவ்விலைச் செடிக்கு ஒரு விளக்கு

“உட்காருங்கண்ணே, எத்தனை நேரம்தான் நிப்பீங்க?”

மீன் தொட்டிக் கடைக்காரி ஸ்டூலைத் தள்ளிவிட்டாள். ஊன்றுகோலுடன் வந்தவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“நிக்கிறதுதாம்மா சுகமா இருக்கு. நீ விளக்கைக் காட்டு. உள்ளே செடி வளர்க்கிற தொட்டிக்கு.”

“விடும்மா. இப்போ இவரை உட்கார வைக்க யாராலயும் முடியாது,” என்றாள் கூட வந்த மனைவி.

“தொட்டி எத்தனை அடி?”

“ரெண்டடி. ஜன்னல் கம்பிக்குக் கம்பி நாலு அங்குலம். தொட்டி சரியா ஆறு இடைவெளிக்கு வருது.”

கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டேப் வச்சு அளந்தவங்களைப் பார்த்திருக்கேன். ஜன்னல் கம்பியால அளந்தவர் நீங்க ஒருத்தர்தான்.”

“தொழில் கிரில் பட்டறை. கம்பியைப் பார்த்தா கணக்கு தானா வந்துடும்.”

“சரி, முன்பக்கத்துலேர்ந்து பின்பக்கம் எவ்வளவு?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

“அது தெரியலையேம்மா.”

“போகட்டும். என்ன செடி?”

இதற்காகவே காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. “முன்னால புல்லு மாதிரி ஒண்ணு, தரையோட படர்ந்திருக்கு. இடது பக்கம் மரக்கட்டை, அதுமேல பாசி மாதிரி பச்சைப் பசேல்னு. பின்னால வலது மூலையில செவ்விலைச் செடி. அதுதான் ராணி! வந்தப்போ மூணே தண்டு. இப்போ பதினொண்ணு. ரெண்டு வாரமா விளக்குல பாதி எரியல. கீழ் இலையெல்லாம் உதிருது. சிவப்பு போய்ப் பழுப்பாயிட்டே வருது.”

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

“ராத்திரி சாப்பாடுகூட இறங்கல இவருக்கு,” என்றாள் மனைவி.

“தண்டைக்கூட எண்ணி வச்சிருக்கீங்க, தொட்டி அகலம் தெரியலையாக்கும்! மீன் எத்தனை?”

“சின்னச் சின்னதா, நீலக்கோடு போட்டது. ஒரு நாள் ஆறு தெரியும். ஒரு நாள் ஒன்பது தெரியும்.”

“தண்ணி எப்போ மாத்துறீங்க?”

“ஞாயித்துக்கிழமை தவறாம மாத்துவாங்க.”

“நீங்க கை வைக்க மாட்டீங்களா?”

“இவரா?” மனைவி சிரித்தாள். “ஒன்பது மாசமா துரும்பைக்கூட நகர்த்தல.”

இப்படியும் ஒரு மனுஷனா என்பதுபோல் கடைக்காரி பார்த்தாள். பிறகு மூன்று விளக்குகளை எடுத்து, கடையில் இருந்த செடித் தொட்டிமேல் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். முதல் விளக்கில் தண்ணீர் முழுக்க ரோஸ் நிறமானது.

“அடடே, அழகா இருக்கே!” என்றாள் மனைவி.

“சர்க்கஸ் மாதிரி இருக்கு. வேண்டாம்,” என்றார் அவர்.

இரண்டாவது நீலமாகக் கண்ணைக் கூச வைத்தது. மூன்றாவதை வைத்ததும், சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் தெரிந்தது. பத்து மணி வெயில்போல இதமான வெள்ளை. அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுதாம்மா. இதையே கொடு. பெரிய அளவு இருந்தாலும் சரி. வெளிச்சம் அதிகமா இருந்தா நல்லதுதானே?”

“அதுதான் இல்லண்ணே. அதிகமானா செடியை முந்திக்கிட்டு அழுக்குப் பாசி கண்ணாடியெல்லாம் பிடிச்சுடும். இதுவே போதும். ரெண்டு கால் இருக்கு, இழுத்து நீட்டிக்கலாம், நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உட்காந்துடும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியுது?”

“காலையில ஒன்பதரைக்குப் போட்டா, சாயங்காலம் ஆறரைக்குத்தான் அணையும். ஒரு நாள் தப்பாது.”

“ஒன்பது மணி நேரம் எதுக்கு? ஏழு போதும். இதுலயே டைமர் இருக்கு. முதல் வாரம் பாதி வெளிச்சம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்.”

“எழுதிக்கோ, எழுதிக்கோ,” என்று மனைவியை அவசரப்படுத்தினார். “சொல்ற நேரத்துல நான் உளறிடுவேன்.”

யாரிடம் சொல்லப்போகிறார் என்று கடைக்காரிக்குப் புரியவில்லை. “வேணும்னா நானே வந்து மாட்டித் தரட்டுமாண்ணே? உங்களால முடியுமோ என்னவோ.”

“வேண்டாம்மா. இருபத்திரண்டு படி. ஏறிடுவேன். ரெண்டு வாரமா அதுக்குத்தான் நடந்து பழகிட்டிருக்கேன்.”

“பெட்டியையாவது நான் தூக்கிட்டு வரேன்,” என்றாள் மனைவி.

“ம்ஹூம். நான்தான் கொண்டுபோகணும்.” பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கடைக்காரி வாரண்டி அட்டையையும் பேனாவையும் எடுத்தாள். “தொட்டிக்காரர் பேர் சொல்லுங்க, எழுதிடறேன். ஏதாவது ரிப்பேர்னா இதைக் காட்டினாப் போதும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. மனைவி அவர் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

“பேர் தெரியாதும்மா, யாரோ எவரோ,” என்றார் அவர். “கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்து, இனிமே எழுந்திருக்கவே மாட்டேன்னு நினைச்சுக்கிட்டு ஒன்பது மாசம் கிடந்தப்போ, என் கட்டில்லேர்ந்து தெரிஞ்சது சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மாடி ஜன்னல்ல இருந்த அந்தத் தொட்டி ஒண்ணுதான்!”