பதினோராவது பீரிலும் குறை

"ஐயோ, கசக்குதே!"

டெஸ்மண்ட் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அப்புறம் மிச்சத்தையும் மடமடவென்று உள்ளே தள்ளி, காலி கிளாஸை நெவில் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. நிதானமா குடிச்சாத்தானே சரியா சொல்ல முடியும்?"

பன்றிக்கறி அடைத்துச் சுட்ட போர்க் பை தட்டோடு கார் ஷெட் வாசலில் நின்ற மொரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? மாசத்தில் ரெண்டு சனிக்கிழமை, காலையிலிருந்து அவள் புருஷன் நெவில் அந்த ஷெட்டில் வெந்து சாகிறார். டப்பாவில் வரும் பாகை வாங்கித் தண்ணீரில் கரைத்துவிட்டு 'நானும் பீர் காய்ச்சறேன்' என்கிற ஆசாமிகளை அவர் மனுஷராகவே மதிப்பதில்லை. முளைகட்டிய பார்லியை உடைத்து, அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு... அப்புறம் ஒரு மாசம் பொறுத்தால் தங்கம் மாதிரி பீர் வரும்.

அது தயாரானதும், மில்லில் கூட வேலை பார்த்த சிநேகிதர் இந்த டெஸ்மண்ட் வருவார். கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்காருவார். குறை சொல்லுவார். இது பதினோராவது தடவை!

"நோட்டுல எழுதிக்கோ. ஹாப்ஸைக் குறைக்கணும்."

"எவ்வளவுடா?" என்றார் நெவில்.

"அஞ்சு கிராம்."

நெவில் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பணிவாக எழுதிக்கொண்டார்.

"போன தடவை கசப்பே இல்லைன்னு சொன்னியே, டெஸ்?" மொரீனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அது போன தடவை" என்றார் டெஸ்மண்ட், வாய் நிறைய போர்க் பையோடு.

மொரீனின் கவலை பீரைப் பற்றி இல்லை. போன வருஷம் மில்லை மூடியபோது, முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த நெவில் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்தான். ஐந்து மாசம்! ஷேவ் கிடையாது, பேச்சு கிடையாது. இந்தப் பீர்ப் பைத்தியம் பிடித்த பிறகுதான் எழுந்தார். இப்படி வாய்க்கு வாய் நொட்டை சொன்னால், மனுஷர் வெறுத்துப்போய் மறுபடி அதே நாற்காலிக்குத் திரும்பிவிடுவாரே!

வடித்த பார்லிச் சக்கையை அடுத்த வீட்டுக் கோழிகளுக்குக் கொட்ட நெவில் வெளியே போனார். மொரீன் இதற்காகவே காத்திருந்தாள்.

"உனக்கு மனசாட்சி இருக்கா? ஓசியில குடிச்சுட்டு நாக்குல நரம்பில்லாம பேசறியே! உன் பொண்டாட்டி ஜாய்ஸ் உயிரோட இருந்திருந்தா உன் காதைத் திருகியிருப்பா. இனிமே இந்தப் பக்கம் வராதே!"

டெஸ்மண்ட் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"மெதுவா பேசு, மொரீன். முதல் தடவை காய்ச்சினானே, அதுவே பிரமாதம். இந்த ஊர் பப் எதுலயும் அப்படி ஒண்ணு நான் குடிச்சதில்லை."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"அன்னிக்கே நல்லாயிருக்குன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சாதிச்சாச்சுன்னு அடுப்பை அணைச்சுட்டு நேரா அந்த நாற்காலிக்குப் போயிருப்பான். மில்லுலயும் அப்படித்தான், ரிப்பேர் ஏதாவது இருந்தாத்தான் அவன் முகத்துல களை இருக்கும்."

டெஸ்மண்ட் உதட்டிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"என் கஷ்டம் உனக்கு எங்கே தெரியப்போகுது? பதினோரு குறை சொல்லியாச்சு, சரக்கு தீர்ந்துபோச்சு. அடுத்த தடவைக்கு நீயாவது ஒண்ணு யோசிச்சு வை."

மொரீன் தட்டில் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

டெஸ்மண்ட் கிளம்பிப் போனதும் ஷெட்டைப் பெருக்கவந்தவள், மேஜையில் நெவிலின் நோட்டு திறந்து கிடந்ததைப் பார்த்தாள். பாவம், அந்த ஆள் பேச்சைக் கேட்டு எத்தனை தரம் மாற்றி மாற்றிக் காய்ச்சியிருப்பார்!

முதல் பக்கம்: பார்லி நாலரை கிலோ, ஹாப்ஸ் முப்பது கிராம். இரண்டாவது பக்கமும் அதேதான். ஐந்தாவது, எட்டாவது, பதினோராவது... எல்லாவற்றிலும் நாலரை கிலோ, முப்பது கிராம்.

இன்றைக்குப் பணிவாக எழுதினாரே, அங்கே இருந்தது: 'பால், ரொட்டி, ரெண்டு பல்ப்.'

"நெவில்! நீ ஒண்ணையுமே மாத்தலியா?"

பெரிய பாத்திரத்துக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த நெவில் நிமிர்ந்தார்.

"எதுக்கு மாத்தணும்? முதல் தடவையே நல்லாத்தான் வந்தது. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அவன் பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னே?"

"ஜாய்ஸ் போனதுலேர்ந்து அவன் அந்த வீட்டுல தனியா கிடக்கான். சும்மா வாடான்னு கூப்பிட்டா வரமாட்டான், ரோஷக்காரன். குறை சொல்ல வாடான்னா, கொட்டற மழையிலகூட வந்து நிக்கறான் பாரு!"